எல்க் வேட்டை: ஐந்து பேரில் ஒருவர்



சென்ற மாதம் எங்கள் வானொலியில் எல்க் வேட்டையைப் பற்றி நான் பேசிய பிறகு நிலையத்துக்கு நிறையத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. "அண்ணை, எங்கட பெடியனும் கேக்கிறான், போக விடலாமோ?" என்று சிலர் கேட்டார்கள். "துவக்குச் சத்தம் கேக்காமல் இருக்கத்தானே இஞ்ச வந்தனாங்கள், பிறகேன் இந்தக் கதை?" என்று ஒரு அம்மா கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள். அன்று நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் மிருகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்க் என்ற பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஐரோப்பாவில் அந்தப் பெயர், அமெரிக்கர் மூஸ் என்று சொல்லும் மிருகத்துக்கு உரியது. இலங்கையிலோ வெள்ளைக்காரர் எங்கள் மரையைத்தான் எல்க் என்றார்கள். 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்களை விட்டு மரை வேட்டையாடியதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதிலும் மரைக்குப் பெயர் எல்க்தான். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் எல்க் பிளெயின்ஸ் என்ற இடப்பெயரும் அப்படி வந்ததே. அமெரிக்க எல்க் வேறு இனம். ஆனால் மான் குடும்பத்தில் மரைக்குச் சொந்தக்காரன். வளர்ந்த ஆண் எல்க் சுமார் எழுநூறு இறாத்தல் நிறுக்கும்.

நான் வன்னியில் பிறந்தவன். எங்கள் ஐயாவிடம் ஒரு இடியன் துவக்கு இருந்தது. மருந்தைப் போட்டு இடித்து, சன்னம் போட்டு, ஒரே ஒரு வெடி வைக்கலாம். ஒரு மரை விழுந்தால் அயலில் எல்லா வீட்டுக்கும் பங்கு போகும். மிச்சம் வத்தலாகிக் கொடியில் காயும். மற்றப் பக்கமும் எனக்குத் தெரியும். மிருகம் வரும் தடத்தில் கயிறு கட்டி வைக்கும் கட்டுத்துவக்கில் மனிதர் கால் போனதும் உண்டு. பிறகு போர் வந்தது. துவக்கு என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் வந்துவிட்டது. பார்சிப்பனியில் வீடு எடுத்தபோது, "இந்த வீட்டுக்குள்ள துவக்கு வரக்கூடாது" என்று மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்.

இங்கே பிறந்த மகன் இருபத்தாறு வயதில் வந்து, "அப்பா, கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்குப் போவமா?" என்று கேட்டான். அவன் பழகியது அவனுடைய வேலைத்தல நண்பனிடம். நான் உடனே மறுக்கவில்லை. "எத்தனை பேருக்கு எத்தனை மிருகம் கிடைக்குது, கணக்கைக் கொண்டு வா, பிறகு பாப்பம்" என்றேன். அந்தக் கணக்கைத்தான் நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் படித்தோம்.

எண்பதாம் நெடுஞ்சாலை வழியே

நியூ ஜேர்சியில் காட்டு எல்க் கிடையாது. இந்தக் கிழக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் இருந்த எல்க் எல்லாம் 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்னமே வேட்டையாடி அழிக்கப்பட்டுவிட்டன. எங்கள் ஊரை ஒட்டிப் போகும் எண்பதாம் நெடுஞ்சாலையில் ஏறி மேற்கே நான்கு மணித்தியாலம் ஓடி, பிறகு வடக்கே மலைக்குள் திரும்பினால் பென்சில்வேனியாவின் பெனசெட் என்ற சின்ன ஊர் வரும். அதைச் சுற்றி ஆயிரத்துக்கு மேற்பட்ட எல்க் உண்டு. அவை 1913 முதல் யெலோஸ்டோன் பக்கத்திலிருந்து ரயிலில் கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். செப்டெம்பர் மாலையில் போனால் கடாக்கள் கூவுவதைக் கேட்கலாம். துவக்கில்லாமல் போய்ப் பார்க்க விரும்பும் குடும்பங்களுக்கு அதுவே போதும்.

பென்சில்வேனியாவில் 1931க்குப் பிறகு நின்றுபோன எல்க் வேட்டை 2001இல் திரும்பத் தொடங்கியது. அந்த ஆண்டு ஐம்பதாயிரத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன. குலுக்கலில் 30 பேருக்கு அனுமதி கிடைத்தது. அந்த 30 பேரில் 27 பேர் எல்க் எடுத்தார்கள். வெற்றி வீதம் 90. பின்வந்த ஆண்டுகளில் அனுமதிகள் நூறைத் தாண்டினாலும் விண்ணப்பம் பல்லாயிரமாகவே வருகிறது.

இப்போது கொலராடோவைப் பாருங்கள். உலகத்திலேயே அதிக எல்க் உள்ள இடம் அது என்பார்கள். இரண்டரை லட்சத்துக்கு மேல். அங்கே சில பருவங்களுக்குக் குலுக்கலே இல்லை. கடையில் காசு கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்கலாம். ஆண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் பேர் எல்க் வேட்டைக்குப் போகிறார்கள். எடுப்பது நாற்பதாயிரம் அல்லது அதற்கும் குறைவு. வெற்றி வீதம் இருபதைத் தொடாமலே நிற்கிறது. ஐந்து பேரில் ஒருவர்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பென்சில்வேனியாவில் 90, கொலராடோவில் 20 என்றால், பென்சில்வேனியா வேட்டைக்காரர் கெட்டிக்காரர் என்று அர்த்தமில்லை. அங்கே கஷ்டம் எல்லாம் குலுக்கலிலேயே முடிந்துவிடுகிறது. சீட்டு விழாத ஐம்பதாயிரம் பேர் அந்தக் கணக்கில் வரவே இல்லை. கொலராடோவில் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆகவே கஷ்டம் காட்டுக்குள் இருக்கிறது. வெற்றி வீதம் குறைவாக இருப்பதால்தான் அத்தனை பேரையும் உள்ளே விட முடிகிறது. இரண்டு லட்சம் பேரும் ஆளுக்கொன்று எடுத்தால் இரண்டு வருடத்தில் அங்கே எல்க் இராது.

அந்தக் கதவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்படுகிறது. 2025 முதல் இருபத்தைந்தாம் நெடுஞ்சாலைக்கு மேற்கே வில்வேட்டைக்கு வெளிமாநிலத்தவர் கடையில் சீட்டு வாங்க முடியாது. குலுக்கலுக்குத்தான் போடவேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். போகிற ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்க்காமல் காசு கட்ட வேண்டாம்.

இன்னொரு கணக்கையும் மகன் போட்டுக் காட்டினான். ஐந்தில் ஒன்று என்றால் ஐந்து வருடம் போனால் நிச்சயம் கிடைக்கும் என்று நினைப்போம். அப்படியில்லை. ஐந்து வருடம் தொடர்ந்து போகும் மூன்று பேரில் ஒருவர் ஐந்து வருடமும் வெறுங்கையோடுதான் வருவார். மேலும் இந்த இருபது வீதத்துக்குள் தனியார் பண்ணையில் வழிகாட்டியோடு போகிறவரும், இருபது வருடமாக ஒரே மலையில் வேட்டையாடுகிறவரும் அடக்கம். பொதுநிலத்தில் முதல் தடவை இறங்குகிறவர் பத்தில் ஒன்று என்று நினைத்துப் போவதுதான் புத்தி.

ஏன் இவ்வளவு கடினம்?

முதலாவது, இடம். பொதுநிலம் என்றால் அரசாங்கத்தின் நிலம். இங்கே அதற்குள் எவரும் கேளாமல் நுழையலாம். கொலராடோவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மத்திய அரசின் நிலம். நாங்கள் போன வைட் ரிவர் தேசிய வனம் மட்டும் 23 லட்சம் ஏக்கர். நியூ ஜேர்சியின் நிலப்பரப்பில் ஏறக்குறைய பாதி. அதில் பெரும்பகுதி எட்டாயிரம், பத்தாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் வாழ்ந்து பழகிய எங்களுக்கு முதல் இரண்டு நாளும் மூச்சு வாங்கும், தலை இடிக்கும். தண்ணீர் நிறையக் குடித்து, மெல்ல ஏறவேண்டும்.

அந்த நிலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வைட் ரிவர் பள்ளத்தாக்கு யூட் என்ற பழங்குடி மக்களுடைய ஊர். 1879இல் நடந்த மோதலுக்குப் பிறகு 1881இல் அவர்கள் அங்கிருந்து யூட்டா பக்கத்துக்கு விரட்டப்பட்டார்கள். இன்று எல்லோருக்கும் பொது என்று சொல்லப்படும் நிலம் அப்படி வெறுமையாக்கப்பட்டதுதான். இடம்பெயர்ந்து வந்த நாங்கள் அதைத் தெரியாமல் அங்கே நடக்கக்கூடாது.

இரண்டாவது, மிருகத்தின் புத்தி. முதல் வெடி கேட்டதும் எல்க் கூட்டம் மனிதர் குறைந்த பக்கத்துக்குப் போய்விடும். பல வேளை அது தனியார் பண்ணை. வேலிக்கு அந்தப் பக்கம் நூறு எல்க் மேய்வதை இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், கால் வைக்க முடியாது.

மூன்றாவது, வழி. சில பொதுநிலங்களைச் சுற்றி முழுவதும் தனியார் நிலம். எண்பதாம் நெடுஞ்சாலையிலேயே இன்னும் மேற்கே போனால் வயோமிங் மாநிலத்தில் எல்க் மவுண்டன் என்று ஒரு மலை தெரியும். அங்கே 1860களில் ரயில் பாதை போட்டவர்களுக்குச் சதுரம் விட்டுச் சதுரமாக நிலம் கொடுத்ததால், இன்றும் பொதுநிலமும் தனியார் நிலமும் தாயப்பலகை மாதிரிக் கிடக்கின்றன. 2021இல் மிசூரியிலிருந்து போன நான்கு வேட்டைக்காரர், இரண்டு பொதுச் சதுரங்கள் முட்டும் மூலையில் ஏணி வைத்து, தனியார் மண்ணில் கால் படாமல் கடந்தார்கள். அத்துமீறல் என்று வழக்கு வந்தது. 2022இல் ஜூரிகள் அவர்களை விடுவித்தார்கள். பண்ணைச் சொந்தக்காரர் தொடுத்த சிவில் வழக்கிலும் 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு ஒக்ரோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்க மறுத்தது. அந்தத் தீர்ப்பு கொலராடோவுக்கும் பொருந்தும். ஆனால் மூலை எது என்று சரியாகத் தெரியாமல் கடந்தால் அத்துமீறல்தான். நில எல்லை காட்டும் வரைபடம் கையில் இருக்க வேண்டும்.

நான்காவது, எந்த மிருகத்தைச் சுடலாம் என்ற விதி. பல பகுதிகளில் கடாவுக்கு ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளையாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றிக் கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். இளம் கடாக்கள் தப்பி வளர்வதற்கான ஏற்பாடு இது.

ஐந்தாவது, சுட்ட பிறகு வரும் வேலை. இறைச்சியைக் காட்டில் விட்டு வருவது கொலராடோவில் குற்றம். நான்கு கால் சந்துகள், முதுகிறைச்சி எல்லாவற்றையும் எடுத்தே ஆகவேண்டும். இருநூறு இறாத்தல் இறைச்சியை இரண்டு பேர் முதுகில் சுமந்து இறக்க எத்தனை நடை என்று நீங்களே கணக்குப் பாருங்கள். காரிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் சுடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

எங்கள் ஆறு நாள்

2023 ஒக்ரோபர் கடைசியில் இரண்டாவது துவக்குப் பருவத்துக்குப் போனோம். அனுமதிச் சீட்டு மகனுக்கு மட்டும், வெளிமாநிலத்தவர் விலை எழுநூறு டொலருக்கு மேல். நான் துவக்குத் தொடவில்லை. செம்மஞ்சள் உடுப்புப் போட்டுக்கொண்டு, சமையலுக்கும் சுமைக்கும் கூடப் போனேன். ஆயிரத்தெழுநூறு மைலுக்கு மேல் ஓடினோம். துவக்கு அவனுடைய நண்பனின் வீட்டில் பூட்டிய பெட்டியில் இருந்து, பூட்டிய பெட்டியிலேயே காரில் வந்தது. மனைவியின் நிபந்தனை காப்பாற்றப்பட்டது.

முதல் இரண்டு நாளும் தடம் மட்டும் கண்டோம். மூன்றாம் நாள் பனி பெய்தது. நான்காம் நாள் ஒரு கூட்டம் வேலி தாண்டிப் பண்ணைக்குள் போவதைப் பார்த்தோம். ஐந்தாம் நாள் விடியற்காலை இருநூறு யார் தூரத்தில் ஒரு கடா தனியே வந்து நின்றது. மகன் படுத்தபடி துவக்கை வைத்தான். நான் தொலைநோக்கியில் கொம்பை எண்ணினேன். தெரிந்த பக்கத்தில் மூன்று கிளை. மற்றப் பக்கம் மரத்தால் மறைந்திருந்தது. நெற்றிக் கிளை ஐந்து அங்குலம் இருக்குமா, இராதா என்று சொல்ல முடியவில்லை.

"அப்பா, எத்தினை?" என்று கேட்டான்.

"மூண்டுதான் தெரியுது. மற்றது தெரியேல்ல."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விரலை எடுத்து, துவக்கைப் பூட்டினான். கடா நடந்து மரத்துக்குள் போய்விட்டது. ஆறாம் நாள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பினோம்.

பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவன் சுட்டிருந்தால் அந்த மலையில் யார் கேட்டிருப்பார்? கையில் துவக்கிருந்தும் சந்தேகத்தில் சுடாதவர்களை எங்கள் ஊரில் நாங்கள் அதிகம் காணவில்லை. என் பிள்ளை அப்படி ஒருவனாக இருக்கிறான் என்பதை அந்த நிமிடத்தில் கண்டேன். வெற்றி வீதக் கணக்கில் அவன் தோற்ற நான்கு பேரில் ஒருவன். நான் அந்தக் கணக்கை அப்படி எழுதவில்லை.

செலவு ஏறக்குறைய 2,400 டொலர். "அந்தக் காசுக்கு எடிசன்ல எத்தினை ஆடு வாங்கியிருக்கலாம்!" என்று மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

போக நினைப்பவர்களுக்கு

முதலில் உங்கள் குடிவரவு நிலையைப் பாருங்கள். குடியுரிமையோ கிறீன் காட்டோ உள்ளவருக்குச் சட்டப்படி துவக்கு வைத்திருக்கலாம். தற்காலிக விசாவில் இருப்பவருக்கு மத்திய சட்டம் பொதுவாகத் தடை. செல்லுபடியான வேட்டை அனுமதி இருந்தால் அதில் விலக்கு உண்டு. சட்டபூர்வ நிலை இல்லாதவருக்கு முழுத் தடை. அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருப்பவர்கள் சட்டத்தரணியைக் கேளாமல் துவக்கைத் தொடவே வேண்டாம், நண்பருடையதை ஒரு நிமிடம் வாங்கிப் பார்க்கவும் வேண்டாம். துவக்குச் சம்பந்தமான குற்றத் தீர்ப்பு கிறீன் காட் உள்ளவரையும் நாடு கடத்தக் காரணமாகலாம்.

இரண்டாவது, நியூ ஜேர்சியில் நீளத் துவக்கு வாங்க உள்ளூர்ப் பொலிசிடம் அடையாள அட்டை எடுக்க வேண்டும். வில்லுக்கு அந்த அட்டை தேவையில்லை. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை இங்கேயே முடித்தால் அந்தச் சான்றிதழ் கொலராடோவிலும் செல்லும்.

மூன்றாவது, வீட்டுக்குப் பக்கத்தில் பழகுங்கள். ரொக்கவே பக்கத்தில் வைல்ட்கற் ரிட்ஜ் போன்ற பொது வேட்டை நிலங்கள் உண்டு. அங்கே மான் பின்னால் இரண்டு பருவம் நடந்தால், உங்களுக்கு இது பிடிக்குமா என்று ஆயிரத்தெழுநூறு மைல் ஓடாமலே தெரிந்துவிடும். நியூ ஜேர்சியில் மானுக்கு ரைஃபிள் பாவிக்க முடியாது. ஷொட்கன், வில், இல்லாவிட்டால் வாய்வழியாக மருந்து போடும் துவக்கு. ஐயாவின் இடியன்தான்! அதைக் கடையில் கண்டபோது நான் சிரித்துவிட்டேன்.

நான்காவது, இறைச்சி. மான், எல்க் இனங்களுக்கு உடல் மெலிந்து சாகும் ஒரு மூளை நோய் உண்டு. முதலில் 1967இல் கொலராடோவில்தான் கண்டார்கள். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோயுள்ள மிருகத்தைச் சாப்பிட வேண்டாம் என்பதே சுகாதார அதிகாரிகளின் அறிவுரை. எவ்வளவு நேரம் கறி கொதித்தாலும் அந்த நோயை உண்டாக்கும் பொருள் அழியாது. ஆகவே தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்தபின் சமையுங்கள். எலும்பு நீக்கிய இறைச்சியாக மட்டும் கொண்டு வாருங்கள். வேட்டை இறைச்சியை விற்பது குற்றம். அயலுக்குப் பங்கு கொடுக்கலாம், எங்கள் ஊர் வழக்கம் போல.

அந்த அம்மாவின் கேள்விக்கு என் பதில் இது. உங்களுக்கு மனமில்லை என்றால் அதில் ஒரு குறையும் இல்லை. பிள்ளை கேட்டால் வாயடைக்காமல், கணக்கைக் கொண்டு வரச் சொல்லுங்கள். கணக்கைப் பார்த்த பிறகும் போக விரும்பினால், கொம்பை எண்ண ஒருவர் கூடப் போங்கள்.